பாதரசத்தை எண்ணிய பேராசிரியர்



சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரையும் கடைசி பெஞ்சு கலாட்டாவையும் எழுத என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் அந்தப் பக்கம் போகாமல், ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை என்னால் முடிந்த வரையில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அவர் பெயர் பிரபுல்ல சந்திர ராய். வங்காளத்துக்காரர். காலமாகி எண்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஆச்சார்ய பி.சி.ராய் என்றால் நம் தாத்தாக்கள் தலைமுறைக்குச் சட்டென்று தெரியும். நமக்கோ, நவீன இந்திய வேதியியலின் தந்தை யார் என்ற ஒரு மார்க் கேள்வியோடு அவர் முடிந்துவிடுகிறார்.

இவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குவது மோல் கணக்குத்தான். கிராமை மோலாக்கு, மோலைக் கிராமாக்கு என்கிற அதே கணக்கு. பரீட்சை முடிந்ததும் பலர் அதை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் புதுப் பொருளை உலகுக்குக் காட்டினார், தொழிற்சாலை கட்டினார், ஒரு தலைமுறை விஞ்ஞானிகளையே உருவாக்கினார். எடையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதே, உள்ளே எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார் என்பதுதான் மோல் கற்றுத் தரும் பாடம். ராய் அதைச் சோதனைச் சாலையோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

பூட்டுப் பட்டறைக் கணக்கு

கதைக்குப் போகும் முன் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். சிவில், மெக்கானிக்கல் அண்ணன்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் சிவில்தான்.

நம் திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. பூட்டுக்குள் போகிற ரிவிட்டை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினால் பட்டறை நடத்த முடியுமா? எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் பூட்டுக்குள் போவது எண்ணிக்கையில். ஒரு பூட்டுக்கு நாலு ரிவிட், இரண்டு லீவர் என்று வைத்துக்கொண்டால், நாலுக்கு இரண்டுதான். ரிவிட் ஒரு கிலோ, லீவர் ஒரு கிலோ என்று சமமாக வாங்கிவந்தால் ஒன்று மிஞ்சும், ஒன்று தட்டும். அப்போது என்ன செய்ய வேண்டும்? நூறு ரிவிட்டின் எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு லீவரின் எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் மூட்டையைத் தராசில் வைத்த மாத்திரத்தில் உள்ளே எத்தனை இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மோல் என்பதும் இதுதான். அணுக்கள் ரொம்பச் சின்னவை என்பதால் நூறு போதாது. 6.022ஐப் பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்கினால் வருகிற எண்ணை ஒரு கட்டு என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் மோல். ஹைட்ரஜன் அணு ஒரு கட்டு சேர்ந்தால் சுமார் 1 கிராம். கார்பன் 12 கிராம். ஆக்சிஜன் 16 கிராம். பாதரசம் 200.6 கிராம். கையில் இருக்கிற கிராமை இந்தக் கட்டு எடையால் வகுத்தால் மோல். மோலை இந்தக் கட்டு எடையால் பெருக்கினால் கிராம். கணக்கு இவ்வளவுதான்.

என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டுவதும் ஓட்டிக் காட்டுவதும் என் வேலை. தண்ணீரில் 98 கிலோ கந்தக அமிலம் இருக்கிறது, சுண்ணாம்பு போட்டுச் சமன் செய்ய வேண்டும் என்று வையுங்கள். கிலோவுக்குக் கிலோ என்று 98 கிலோ நீர்த்த சுண்ணாம்பைக் கொட்டினால் தண்ணீர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கந்தக அமிலத்தின் கட்டு எடை 98. நீர்த்த சுண்ணாம்பின் கட்டு எடை 74. ஒரு கட்டுக்கு ஒரு கட்டு என்பதால், சுத்தமான சுண்ணாம்பு 74 கிலோ போதும். மீதி 24 கிலோ சேறாகப் போய்த் தொட்டியை நிரப்பும். அந்தச் சேற்றை அள்ளிப்போடக் கூலி வேறு. மோல் தெரியாவிட்டால் காசு எங்கே போகிறதென்றே தெரியாது.

சரி, இனி ராய்.

ராருளி கிராமத்துப் பையன்

1861 ஆகஸ்ட் 2. அன்றைய ஜெசோர் மாவட்டத்தில், கபோதாட்ச நதிக்கரையில் உள்ள ராருளி என்ற கிராமத்தில் பிறந்தார். பின்னாளில் அது குல்னா மாவட்டமாகி, இன்றைக்கு வங்காள தேசத்தில் இருக்கிறது. அப்பா ஹரிஷ் சந்திர ராய் நிலபுலன் உள்ளவர், பாரசீகம் படித்தவர், வீட்டில் நல்ல புத்தகசாலை வைத்திருந்தவர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். பிரபுல்லர் ஹேர் பள்ளியில் சேர்ந்தார்.

பதின்மூன்று வயது வாக்கில் கடுமையான சீதபேதி. படிப்பு நின்றுபோய், ஏறக்குறைய இரண்டு வருஷம் வீட்டோடு கிடந்தார். உயிர் பிழைத்தாலும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வயிற்றுக் கோளாறும் தூக்கமின்மையும் கடைசிவரை கூட வந்தன. அந்த இரண்டு வருஷமும் பையன் அப்பாவின் புத்தக அலமாரியைத்தான் காலி செய்துகொண்டிருந்தான். இலக்கியமும் சரித்திரமும் அப்போது உள்ளே போனவை. பின்னால் இந்தியாவின் பழைய ரசாயனக் கலையைப் பற்றி அவர் இரண்டு பாகங்களில் ஒரு பெரிய நூலை எழுதியதற்கு, 1902இல் அதன் முதல் பாகம் வெளிவந்ததற்கு, விதை அந்தப் படுக்கையிலேயே விழுந்தது என்று சொல்லலாம்.

வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே விஞ்ஞானத்துக்கு வசதி குறைவு. பிரசிடென்சி கல்லூரியில் அலெக்சாண்டர் பெட்லர் நடத்திய வேதியியல் வகுப்புக்கு வெளி மாணவராகப் போய் உட்கார்ந்தார். பெட்லர் கண்ணெதிரே செய்து காட்டிய சோதனைகள் பையனை அப்படியே பிடித்துக்கொண்டன. இலக்கியத்தில் இருந்த மனசு கெமிஸ்ட்ரி பக்கம் திரும்பியது இப்படித்தான். அதற்குள் அப்பாவின் சொத்து கரைந்து, வீட்டில் கஷ்டம் தொடங்கிவிட்டது. கில்கிறிஸ்ட் உதவித்தொகைப் பரீட்சையை வீட்டில் அதிகம் பேருக்குச் சொல்லாமலே எழுதித் தேறினார். 1882இல் கப்பலேறினார்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிரம் பிரவுன் அவருக்கு ஆசிரியர். 1887இல் டி.எஸ்சி. பட்டம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் இரட்டைச் சல்பேட் உப்புகள். செம்பு, மக்னீசியம் போன்றவற்றின் சல்பேட்டும் பொட்டாசியம் போன்றவற்றின் சல்பேட்டும் சேர்ந்து ஒரே படிகமாக உட்காரும். அப்படி உட்காரும்போது, ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணிக்கை மாறாமல் சேர்ந்த சேர்மம் எது, கைக்கு வந்தபடி கலந்துபோன கலவை எது? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். நிறுத்து, வகுத்து, விகிதம் முழு எண்ணாக வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஆராய்ச்சியின் ஆரம்பத்திலேயே அவருக்கு வாய்த்தது எண்ணிக்கைக் கணக்குத்தான்.

இருநூற்றைம்பது ரூபாய்

ஹோப் பரிசும் வாங்கிக்கொண்டு 1888இல் ஊர் திரும்பினார். கையில் டாக்டர் பட்டம், பெரிய பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள். என்ன பிரயோசனம்? கல்வித் துறையின் மேல் அடுக்கு வேலைகள் நடைமுறையில் வெள்ளைக்காரர்களுக்கே ஒதுங்கியிருந்தன. இந்தியருக்கு மாகாண அடுக்கு. அதிலும் காலியிடம் இல்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் வேலையில்லாமல், நண்பர் ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கியிருந்தார். 1889இல்தான் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியராக இடம் கிடைத்தது. சம்பளம் மாதம் 250 ரூபாய். அதே தகுதியோடு இங்கிலாந்திலிருந்து நியமனமாகி வந்தவருக்கு அதைவிட எவ்வளவோ கூடுதல்.

படித்து முடித்து பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிய நம் ஆட்களுக்கு அந்த ஒரு வருஷத்தின் பாரம் புரியும். ராய் அந்தக் கசப்பை என்ன செய்தார் என்பதுதான் பார்க்க வேண்டியது. படித்த பையன்கள் எல்லோரும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் வரிசையில் நிற்கிறார்கள், நாட்டுக்குத் தேவையான மருந்தும் ரசாயனமும் கப்பலில் வருகின்றன. இந்த இரண்டு வருத்தத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டார். 1892இல், கல்கத்தாவில் அப்பர் சர்க்குலர் ரோடு 91ஆம் எண் வாடகை வீட்டில், சில நூறு ரூபாய் முதலோடு பெங்கால் கெமிக்கல் தொடங்கியது.

எலும்பும் அமிலமும்

அங்கே தயாரித்த சரக்குகளில் ஒன்று சோடியம் பாஸ்பேட் என்ற மருந்துப் பொருள். மூலப்பொருள் மாட்டெலும்பு. கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி மொட்டைமாடியில் காயப் போட்டார். மிச்சம் ஒட்டியிருந்த சதைக்குக் காக்கைகள் வந்தன, நாற்றம் எடுத்தது, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். எலும்பை ஊருக்கு வெளியே கொண்டுபோய் ராத்திரியில் எரித்தார். நெருப்பைப் பார்த்த போலீஸ், கொலை செய்து பிணத்தை எரிக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு வந்து நின்ற கதையும் உண்டு. பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகளைத் தாண்டி நடந்து பழகிய நமக்கு அந்த மொட்டைமாடியின் வாசனையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எரித்த எலும்புச் சாம்பலில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அதில் கந்தக அமிலம் விட்டால் கரையக்கூடிய பாஸ்பேட்டாக மாறும். அதோடு சோடா சேர்த்தால் சோடியம் பாஸ்பேட் படிகம். எவ்வளவு சாம்பலுக்கு எவ்வளவு அமிலம்? கால்சியம் பாஸ்பேட்டின் கட்டு எடை 310. அதன் ஒரு கட்டுக்கு அமிலம் இரண்டு கட்டு வேண்டும். இரண்டு 98, 196. ஆக 310 கிலோ கால்சியம் பாஸ்பேட்டுக்கு 196 கிலோ அமிலம். குறைத்தால் பாஸ்பேட் மாறாமல் தங்கிவிடும். கூட்டினால் மருந்தில் அமிலம் மிஞ்சும். வாங்குகிறவர் வெள்ளைக்காரச் சரக்கோடு ஒப்பிட்டுத்தான் வாங்குவார் என்கிறபோது, இந்தக் கணக்குப் பிசகினால் கம்பெனியின் மானம் போய்விடும்.

பகலில் கல்லூரி, சாயங்காலம் பட்டறை. கூட நின்ற நண்பர் டாக்டர் அமுல்ய சரண் போஸ். டாக்டர்களைச் சந்தித்து நம் சரக்கை எழுதிக் கொடுக்க வைத்தவர் அவர்தான். 1898இல் பிளேக் நோய்க்கு அவர் பலியானார். நோயாளிகளைப் பார்த்த டாக்டரை நோயே கொண்டுபோயிற்று. ராய் தனியாக நின்றார். ஆனாலும் கடையை மூடவில்லை. 1901இல் அது லிமிடெட் கம்பெனியானது. பிறகு மாணிக்தலாவிலும் பானிஹாட்டியிலும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. 1980இல் அரசுடைமையாகி, பொதுத்துறை நிறுவனமாக நூறு வருஷம் தாண்டி நிற்கிறது.

மஞ்சள் படிகம்

இனி முக்கியமான இடம். 1896ஆம் வருஷம் ராயின் பெயரை உலகம் அறிந்த வருஷம்.

கலோமல் என்ற பாதரச மருந்து தயாரிக்க அவருக்கு மெர்குரஸ் நைட்ரேட் தேவைப்பட்டது. பாதரசத்தைக் கூடுதலாக எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சூடில்லாமல் அதன்மேல் விட்டு வைத்திருந்தார். பார்த்தால் பாதரசத்தின்மேல் மஞ்சள் நிறத்தில் படிகங்கள். வேறொருவராக இருந்தால் ஏதோ அழுக்கு என்று கழுவி ஊற்றியிருப்பார். ராய் முதலில் அது காரத்தன்மையுள்ள வேறு உப்பாக இருக்குமோ என்று நினைத்தார். ஆனால் அவ்வளவு அமிலத்துக்கு நடுவில் அப்படிப்பட்ட உப்பு எப்படி உட்காரும்? சோதித்துப் பார்த்ததில் மெர்குரஸ் பாதரசமும் நைட்ரைட்டும் இருப்பதாகத் தெரிந்தது. இரண்டுமே நிலையில்லாதவை என்று பேர் எடுத்தவை. நிலையில்லாத இரண்டு பேர் கைகோத்து நிலையான குடும்பம் நடத்துகிறார்கள் என்று சொன்னால் உலகம் லேசில் ஒத்துக்கொள்ளுமா? வெள்ளைக்காரர் ஆளும் ஊரில், மாகாண அடுக்கில் இருக்கும் ஓர் இந்தியர், வெளிநாட்டு வேதியியலாளர்கள் எதிரில் வைக்கிற விஷயம். அதற்குச் சாட்சி தராசு மட்டும்தான்.

அந்தச் சாட்சி எப்படிப் பேசும் என்று இன்றைய அணு எடைகளை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். மெர்குரஸ் நைட்ரைட் 100 கிராம் எடுத்துப் பிரித்தால் பாதரசம் 81.35 கிராம், நைட்ரஜன் 5.68 கிராம், ஆக்சிஜன் 12.97 கிராம் இருக்கும். எடையை மட்டும் பார்த்தால் என்ன தோன்றும்? எல்லாம் பாதரசமே, நைட்ரஜன் கறிக்குப் போட்ட உப்பு மாதிரி கொஞ்சூண்டு என்றுதானே! இப்போது வகுத்துப் பாருங்கள். பாதரசம் 81.35ஐ 200.6ஆல் வகுத்தால் 0.4055 மோல். நைட்ரஜன் 5.68ஐ 14ஆல் வகுத்தால் 0.406 மோல். ஆக்சிஜன் 12.97ஐ 16ஆல் வகுத்தால் 0.811 மோல். எடையில் மலையும் மடுவுமாக இருந்த பாதரசமும் நைட்ரஜனும் எண்ணிக்கையில் சரிக்குச் சமம். ஆக்சிஜன் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒன்றுக்கு ஒன்றுக்கு இரண்டு.

இந்த மூன்று எண்களில் வழக்கே முடிந்துவிடுகிறது. காரத்தன்மையுள்ள உப்பாக இருந்தால் பாதரசத்தின் எண்ணிக்கை நைட்ரஜனைவிடக் கூடியிருக்கும். மெர்குரிக் நைட்ரைட்டாக இருந்தால் நைட்ரஜன் இரண்டு மடங்கு வந்திருக்கும். வழக்கமான நைட்ரேட்டாக இருந்தால் ஆக்சிஜன் மூன்று வந்திருக்கும். இது எதுவும் இல்லை என்றால் மிஞ்சுவது மெர்குரஸ் நைட்ரைட் ஒன்றுதான். மோல் என்ற வார்த்தையே அந்தப் பத்தாண்டில்தான் ஜெர்மனியில் ஆஸ்ட்வால்டின் எழுத்தில் புழக்கத்துக்கு வந்தது. வார்த்தை புதுசு, ஆனால் எடையை அணு எடையால் வகுக்கிற வேலை பழசு. ராய் செய்தது அந்த வேலை. படிகத்தில் பாதரச அணுக்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கின்றன என்பது பிறகு தெளிவான விஷயம். ஆனால் விகிதம் அசையவில்லை.

1912இல் இன்னொரு சவால். அம்மோனியம் நைட்ரைட் சூடுபட்டால் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் சிதைந்துபோகும் என்பது பாடப்புத்தகம். அதைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆவியின் அடர்த்தியை அளக்கத் துணிந்தார்கள் ராயும் அவருடைய மாணவர்களும். அவகாட்ரோ சொன்னபடி, ஒரே வெப்பத்தில் ஒரே அழுத்தத்தில் ஒரே கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். ஆகவே ஆவியின் எடையும் கன அளவும் தெரிந்தால் கட்டு எடை தெரியும். முழு மூலக்கூறாக இருந்தால் 64 வர வேண்டும். நைட்ரஜனாகவும் நீராவியாகவும் சிதைந்திருந்தால் ஒன்று மூன்றாகி, சராசரி 21 சொச்சம்தான் வரும். முழு மூலக்கூறுக்கு நெருக்கமான எண்ணே கிடைத்தது என்று லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் ராய் படித்தபோது, நோபல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சே அவரை மனம் திறந்து பாராட்டினார்.

எண்ணூறும் நாற்பதும்

அவருடைய சொந்த வாழ்க்கைக் கணக்கு இன்னும் விசேஷம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1902 வாக்கில் கல்கத்தாவில் கோகலே வீட்டில் தங்கியிருந்த காந்திக்கு, பக்கத்தில் குடியிருந்த ராயைக் கோகலே அறிமுகம் செய்துவைத்தார். மாதச் சம்பளம் 800 ரூபாய் வாங்குகிறவர், தனக்கென்று 40 ரூபாய் வைத்துக்கொண்டு மீதியைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்துவிடுகிறவர் என்பதுதான் அறிமுகம். சத்திய சோதனை படித்தவர்களுக்கு இந்த இடம் நினைவிருக்கும். நூற்றுக்கு ஐந்து தனக்கு, தொண்ணூற்றைந்து ஊருக்கு. தென்னாப்பிரிக்க இந்தியர் படும் பாட்டைப் பற்றிக் கல்கத்தாவில் காந்தி பேசுவதற்குக் கூட்டம் ஏற்பாடு செய்ததிலும் ராய்க்குப் பங்கு உண்டு. பின்னாளில் கதருக்காக ஊர் ஊராகப் போனார். காந்திகிராமத்தைத் தாண்டி பஸ்ஸில் போய்வந்த நமக்கு, கெமிஸ்ட்ரி பேராசிரியர் கையில் ராட்டை என்பது அவ்வளவு விசித்திரமாகப் படாது.

1916இல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு. உடனே அசுதோஷ் முகர்ஜி அவரைக் கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரிக்கு அழைத்துக்கொண்டார். இந்தக் கல்லூரி எழுந்த விதத்தை முன்னாள் மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டும். தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரண்டு வக்கீல்கள் தங்கள் சம்பாத்தியத்தை அள்ளிக் கொடுத்ததில் எழுந்தது. பாலித் பெயரிலான பேராசிரியர் பதவிகளில் இந்தியரே அமர வேண்டும் என்பது நிபந்தனை. 250 ரூபாயில் தொடங்கிய ராய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார். 1921இல் அறுபது வயது நிறைந்ததும், இனி வரும் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே, வேதியியல் வளர்ச்சிக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 1936இல் ஓய்வு பெறும்வரை அப்படியே நடந்தது.

சும்மா ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்தவரும் இல்லை. 1921இல் குல்னாவில் பஞ்சம். 1922இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம். இரண்டுக்கும் நிவாரண வேலையை முன்நின்று நடத்தினார். விஞ்ஞானக் கல்லூரியே துணிமூட்டையும் அரிசிமூட்டையுமாக நிவாரண அலுவலகம் ஆயிற்று. கலியாணி, கால் கோட்டு என்று அலங்காரம் எதுவும் கிடையாது. கசங்கிய சட்டையும் ஒடிசலான உடம்புமாக, தராசில் வைத்தால் எடையே நிற்காத மனுஷன்.

அவருடைய எண்ணிக்கை வேறு இடத்தில் இருந்தது. வகுப்பில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். டாக்கா பக்கத்துக் கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து நட்சத்திரங்களின் வெப்பத்துக்குச் சூத்திரம் சொன்ன மேக்நாத் சாகா. ஐன்ஸ்டீனோடு பெயர் சேர்ந்த சத்யேந்திர நாத் போஸ். நீல் ரத்தன் தர். ஞானேந்திர நாத் முகர்ஜி. ஞான் சந்திர கோஷ். இந்த ஞான் சந்திர கோஷ்தான் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தை நடத்தி, பிறகு நாட்டின் முதல் ஐ.ஐ.டி.யான கரக்பூருக்கு முதல் இயக்குநராகப் போனவர். 1924இல் இந்திய கெமிக்கல் சொசைட்டி பிறந்தபோது ராய்தான் முதல் தலைவர். 1944 ஜூன் 16 அன்று, விஞ்ஞானக் கல்லூரியின் அதே அறையில், மாணவர்கள் சூழ்ந்திருக்க, எண்பத்திரண்டாம் வயதில் கண்ணை மூடினார்.

நமக்கு என்ன?

இன்றைக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியைத் திறந்ததும் முதல் பாடமே வேதிக் கணக்கீடுதான். நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் மீடியத்தில் படித்து வரும் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த முதல் பாடத்திலேயே கெமிஸ்ட்ரிக்குக் கும்பிடு போட்டுவிடுகிறார்கள். பாடம் கஷ்டம் என்பதால் இல்லை. எடைக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு படியை யாரும் கையைப் பிடித்து ஏற்றிவிடாததால். என் அக்கா மகளுக்கு நான் ஒரு கை வேர்க்கடலையும் ஒரு கை கொண்டைக்கடலையும் சமையலறைத் தராசும் வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டையும் எடையில் சமமாக வை, பிறகு எண்ணு என்றேன். பத்து நிமிஷத்தில், அப்படியென்றால் ஒவ்வொன்றுக்கும் நூறின் எடை தெரிந்தால் போதுமே மாமா என்று அவளே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மோல் அவளுக்குப் பூச்சாண்டியாக இல்லை.

நம் சங்கத்தில் பூட்டு, நூல், தோல், தண்ணீர், கட்டடம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொழிலில் இருக்கிறோம். நம் ஒவ்வொருவருடைய வேலையிலும் எடையில் வாங்கி எண்ணிக்கையில் செலவாகிற ஒரு சங்கதி நிச்சயம் இருக்கும். வருஷத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, படித்த பள்ளிக்கோ கல்லூரியின் முதலாம் ஆண்டு வகுப்புக்கோ போய், அதைக் கொண்டு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால் என்ன? ஒரு தராசும் ஒரு மணி நேரமும் போதும். சங்க நிதியிலிருந்து ஆளுக்கொரு பள்ளிக்கு நல்ல எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பொதுக்குழு கூடும்போது இதைப் பேசலாம் என்று செயலாளர் அண்ணனிடம் மனுப் போட்டிருக்கிறேன்.

800இல் 40ஐ மட்டும் வைத்துக்கொள்ள நம்மால் முடியாது. குடும்பம் குட்டி, வீட்டுக் கடன் என்று நமக்கு ஆயிரம் இருக்கிறது. 800இல் 40ஐக் கொடுக்க முடியாதா என்ன? அதுவும் நூற்றுக்கு ஐந்துதான்.